இருதயத்தை நோக்கும் வழி



நம் உடலில் நாடிகள் இருதயத்தினின்று புறப்பட்டு, கிளைத்துக் கிளைத்து ஒடுங்குவன. நாளங்களோ சிற்றாறுகள் கூடிப் பேராறு ஆவதுபோல ஒன்றுசேர்ந்து, அகன்று, இருதயத்தை அடைவன.

இவ்வுண்மை எளிதில் விளங்கவில்லை. பதுவாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பப்ரீசியஸ், நாளங்களினுள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருத்தலை 1603இல் நூலாக வெளியிட்டார். ஆயினும் அவற்றின் பயனை முற்றும் உணர்ந்திலர். அவரிடம் பயின்ற ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வியே, அவை குருதியை இருதயத்தின் பக்கமாக மட்டுமே செல்லவிடுகின்றன என்று 1628இல் விளக்கினார்.

அவ்வழியே தம் இருதயத்தை எட்டியவர் வேர்னர் போர்ஸ்மன். 1929இல் ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் இளம் வைத்தியராயிருந்த அவர், தம் கை நாளத்தில் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று, அதன் நுனி இருதயத்தினுள் இருத்தலைப் படமெடுத்துக் காட்டினார். அன்று அவருக்குக் கிடைத்தது கண்டனமே. 1956இல் கூர்நான்ட், ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தது.

1986இல் பிரான்ஸில், ஒடுங்கிய இருதய நாடியை விரித்துத் தாங்கும் உலோக வலைக்குழாய் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. ஸ்டென்ற் எனப்படும் அது, பின்னர் அடைபட்ட இடுப்பு நாளங்களுக்கும் பயன்பட்டது. ஆங்கேதான் புதிய இடர் தோன்றியது. நாடியில் நழுவிய பொருள் ஒடுங்கிய இடத்திற் சிக்கி நிற்கும். நாளத்தில் நழுவிய ஸ்டென்றுக்கோ முன்னே உள்ள வழி அகன்றுகொண்டே செல்லும். அது இருதயத்தின் வலப்புற அறைகளை, சிலவேளை நுரையீரல் நாடியைச் சென்றடையும். வால்வு சிதையலாம், துடிப்பு ஒழுங்கு கெடலாம், இருதயச் சுவரே துளைபடலாம்.

இது அரிதே, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. 2021இல் ஐக்கிய அமெரிக்காவில், நாளத்துக்கெனச் செய்யப்பட்ட ஒருவகை ஸ்டென்ற் இடம்பெயரக்கூடும் என்பதனால் மீளப்பெறப்பட்டது. மூச்சுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப நாளத்தின் விட்டம் மாறும். ஆகவே அதனைச் செவ்வனே அளந்து, போதிய அகலமும் நீளமும் உள்ள ஸ்டென்றைத் தேர்தல் வேண்டும். நழுவியதைச் சிலவேளை நாளத்தின் வழியே சுருக்குக் கம்பி செலுத்தி மீட்பர். இயலாவிடின் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்வர்.

ஸ்டென்ற் பொருத்தப்பெற்றோர் திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுநோவோ படபடப்போ கண்டால், உடனே வைத்தியசாலைக்குச் சென்று, தம் நாளத்தில் ஸ்டென்ற் இருப்பதை முதலிற் கூறுதல் வேண்டும். ஹார்வி கண்ட வழி ஒருதிசை வழி. அதில் வைக்கப்படும் எப்பொருளும் இருதயத்தை நோக்கியே நிற்கின்றது.