அசையாத் தெய்வமும் அசைய மறுத்த உழவரும்: நரித்தா நகரின் இரு வரலாறுகள்

தோக்கியோவுக்கு விமானமேறும் பயணிகளுள் பெரும்பாலோர் நரித்தா என்பதை ஒரு விமான நிலையத்தின் பெயராகவே அறிவர். அப்பெயரில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயிலும் அதனைச் சார்ந்த சிற்றூரும் உண்டென்பதை அறியாமலே வேறு விமானத்திற்கு மாறிச் சென்று விடுகின்றனர். நாமும் விமானம் மாறும் இடைவேளையில் கிடைத்த அரை நாளில்தான் முதன்முறையாக அவ்வூருக்குச் சென்றோம். நிலையத்திலிருந்து இரயிலில் ஏறத்தாழப் பத்து நிமிடப் பயணம். கோயிலைக் காணச் சென்ற நாம், அக்கோயிலின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் விமான நிலையத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது என்ற எண்ணத்தோடு திரும்பினோம். அவ்வெண்ணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரயிலடியிலிருந்து கோயில்வரை ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள பழைய கடைத்தெரு வளைந்து இறங்குகிறது. வழிநெடுக விலாங்குமீன் உணவகங்கள். கடை வாயிலிலேயே மீனை அறுத்துக் கழுவுகின்றனர். கோயிலுக்குச் செல்லும் வழியில் இக்காட்சி நமக்குச் சற்று நெருடலாக இருந்ததை மறைப்பதற்கில்லை. அங்குள்ளோர்க்கு அதுவே யாத்திரையின் ஒரு பகுதி. தெருவின் முடிவில் நரித்தாசான் ஷின்ஷோஜி கோயில். 1712ஆம் ஆண்டின் மூன்றடுக்குக் கோபுரத்தைக் கடந்து பெரிய மண்டபத்தை அடைந்தபோது முரசொலி எழுந்தது. குருமார் தீ வளர்த்து, வேண்டுதல் எழுதிய மரக்குச்சிகளை அதிலிட்டனர். வழிபட வந்தோர் தம் கைப்பைகளைக் கொடுத்து, அத்தீயின் அருகே காட்டித் திரும்பப் பெற்றுக்கொண்டனர். இச்சடங்கின் பெயர் 'கோமா'. நம்முடைய 'ஹோமம்' என்ற சொல்லே அது.

சொல் மட்டுமன்று, தெய்வமும் இந்தியாவிலிருந்து சென்றதே. ஃபுடோ மியோஓ எனப்படும் அத்தெய்வத்தின் வடமொழிப் பெயர் அசலநாதர், அதாவது அசையாதவர். இவரைப் போற்றும் ஷிங்கோன் நெறியை ஜப்பானுக்குக் கொணர்ந்த கூகாய் (774-835) சீனத்தில் ஹுய்குவோவிடம் பயின்றவர். ஹுய்குவோவின் ஆசிரியர் அமோகவஜ்ரர். அவருக்கும் ஆசிரியர் வஜ்ரபோதி (671-741). வஜ்ரபோதியின் பிறப்பிடம் குறித்துச் சீன வரலாறுகள் ஒத்துப்போகவில்லை. எனினும் அவர் காஞ்சியில் பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனின் ஆதரவைப் பெற்றவர் என்பதும், இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கடலோடிச் சீனம் சேர்ந்தார் என்பதும் பொதுவாக ஏற்கப்படுகின்றன. நம் வட்டாரக் கடல்வழியே சென்ற ஒரு மரபு அம்மண்டபத்தில் இன்றும் தீயாக எரிகிறது. இந்தியவியல் மாணவர் எவரும் இங்கே சற்று நெகிழ்ந்து போவர். நாமும் அப்படித்தான் நின்றோம். ஆனால் அந்நெகிழ்ச்சியோடு கதையை நிறுத்திவிடுவது வரலாறு ஆகாது.

ஏனெனில் இத்தெய்வம் இவ்வூருக்கு வந்தது அமைதியான பரவலால் அன்று. ஒரு போரின் பொருட்டு. கிழக்கு மாநிலங்களில் வலிமை பெற்ற தைரா நோ மசாகாதோ என்னும் வீரன் 939இல் தன்னையே புதிய பேரரசன் என அறிவித்தான். அவனை அடக்கும் வேண்டுதலுக்காக, கூகாய் செதுக்கியதாகக் கருதப்படும் அசலநாதர் சிலையைக் கியோத்தோவிலிருந்து கான்சோ என்ற துறவி இங்குக் கொண்டுவந்தார் என்பது கோயில் மரபு. 940இல் மசாகாதோ கொல்லப்பட்டான். வேலை முடிந்ததும் சிலையைத் திரும்ப எடுத்துச் செல்ல முயன்றபோது அது அசையவில்லையாம். எனவே இங்கேயே கோயில் எழுந்தது. வென்றோர் மரபு இது. தோற்றோருக்கும் ஒரு மரபு உண்டு. மசாகாதோவைத் தெய்வமாகப் போற்றும் தோக்கியோவின் கான்டா கோயிலைச் சார்ந்தோர் நரித்தா கோயிலுக்குச் செல்லலாகாது என்பது நெடுநாளைய வழக்கம். ஒரு கலகத்தின் நினைவு இவ்வாறு ஆயிரம் ஆண்டு நீடிப்பதை எந்த அரசு ஆவணத்தைக் கொண்டும் நாம் ஊகித்திருக்க முடியாது.

தலைநகரின் முடிவொன்று இவ்வூரை மீண்டும் தாக்கியது 1966இல். புதிய விமான நிலையத்தை அருகிலிருந்த தோமிசாத்தோவில் கட்ட முயன்று, எதிர்ப்பினால் பின்வாங்கிய அரசு, அவ்வாண்டு ஜூலை 4ஆம் நாள் சான்ரிசுகாவைத் தேர்ந்தெடுத்தது. அங்கே அரச குடும்பத்தின் கால்நடைப் பண்ணை இருந்தது. அந்நிலத்திற்கு எவரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை. சுற்றிலும் இருந்தோருள் பலர் போருக்குப் பின் மஞ்சூரியா முதலிய இடங்களிலிருந்து திரும்பி, காட்டை வெட்டிக் கழனியாக்கிய ஏழைக் குடியேறிகள். அவர்கள் எளிதில் விற்றுவிடுவர் என அரசு கணக்கிட்டது. உழவரிடம் முன்கூட்டிக் கலந்து பேசவும் இல்லை. தோட்டப்புற வரலாறு அறிந்த மலேசிய வாசகர்க்கு இக்கணக்கு புதிதன்று.

கணக்கு பிழைத்தது. உழவரோடு மாணவரும் சேர்ந்தனர். மரங்களில் தம்மைக் கட்டிக்கொண்டும் நிலத்தடியில் சுரங்கம் தோண்டியும் எதிர்த்தனர். 1971 செப்டம்பரில் நடந்த கட்டாய நிலப்பறிப்பின்போது மோதலில் காவலர் மூவர் உயிரிழந்தனர். எதிர்ப்பாளர் தரப்பிலும் உயிரிழப்புகள் உண்டு. இருதரப்பு இழப்பையும் சொல்லாமல் இப்போராட்டத்தை வீரகாவியமாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1978 மார்ச் 26ஆம் நாள், திறப்பு விழாவுக்கு நான்கே நாள் இருந்த நிலையில், போராளிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துள் நுழைந்து கருவிகளை நொறுக்கினர். திறப்பு மே 20க்குத் தள்ளிப்போயிற்று. இரண்டாம் ஓடுபாதை 2002இல்தான் திறக்கப்பட்டது. நிலம் கிடைக்காமையால் அதன் நீளமும் 2,180 மீட்டராகக் குறைந்தது. திட்டமிட்ட 2,500 மீட்டரை 2009இல்தான் எட்டினர். இதற்கிடையில் 1991 முதல் பொதுக் கலந்துரையாடல்கள் நடந்தன. 1995இல் பிரதமர் முராயாமா அரசின் போக்குக்காக மன்னிப்புக் கேட்டார்.

அசையாதவர் என்று பெயர் கொண்ட தெய்வத்தின் ஊரில் இது நிகழ்ந்தது தற்செயலே. அதற்குமேல் பொருள் காண்பதில் நமக்கு உடன்பாடில்லை. நம் கருத்து வேறு: இச்சமவெளியில் தோற்றோரின் நினைவை யார் பேணுகின்றனர் என்பதே கேட்கத்தக்க வினா. மசாகாதோவின் நினைவை அவனை வழிபட்டோர் பேணினர். சான்ரிசுகா உழவரின் நினைவையோ, அவர்கள் எதிர்த்த நிலையத்தை நடத்தும் நிறுவனமே பேணுகிறது. அந்நிறுவனம் 2011இல் ஷிபாயாமாவில் 'வானும் மண்ணும்' என்ற பெயரில் ஒரு வரலாற்றுக் கூடம் திறந்தது.

பின்னொரு பயணத்தில் அங்குச் சென்றோம். கட்டணம் இல்லை. போராளிகள் அணிந்த தலைக்கவசங்கள் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தன. மூன்றாவது ஓடுபாதைக்கான பணிகள் 2025இல் தொடங்கிவிட்டன. அதற்கும் நிலம் வேண்டும். நாம் இருந்த ஒரு மணி நேரத்தில் பார்வையாளர் வேறெவரும் வரவில்லை. கூரைக்கு மேலே விமானங்கள் போய்க்கொண்டிருந்தன.