தடவு முதல் தகரக் கூரை வரை

சென்னைக்குக் குளிர்காலம் ஏது எனக் கேட்பார் உண்டு. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 பாகை செல்சியஸ்தான். 1895 டிசம்பர் 11-ஆம் நாளிலும் 1905 ஜனவரி 29-ஆம் நாளிலும் அது பதிவாயிற்று. ஐரோப்பியருக்கு அது இளவேனில். ஆயினும் குளிர் என்பது வெப்பமானியில் மட்டும் உள்ளதன்று. உடலின் பழக்கத்தையும் வீட்டின் அமைப்பையும் பொறுத்தது. நிலம் விரைவில் சூடாறும். கடலோ மெல்லவே ஆறும். ஆதலின் கடலை விட்டு விலகிய அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் மார்கழி, தை மாதப் பின்னிரவுகள் கடற்கரையிலும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும்.

இக்குளிரை நம் முன்னோர் அறியாதவரல்லர். நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்கால நகரைக் காட்டுகிறது. அங்கே விசிறிகள் பயனற்றுத் தொங்குகின்றன, சந்தனக்கல் ஓய்ந்து கிடக்கிறது, சாளரங்கள் அடைபட்டுள்ளன, மக்கள் தண்ணீரை விடுத்து அகன்ற வாயுடைய தடவின் நெருப்பை நாடுகின்றனர். தடவு என்பது கணப்புச் சட்டியே. பிற்காலத்துக் குமுட்டி அதன் வழித்தோன்றல் எனலாம்.

கொரிய மக்கள் அடுப்புப் புகையைத் தரைக்கடியில் செலுத்தி அறையைச் சூடாக்கினர். உரோமரும் அதுபோன்றதொரு முறையைக் கையாண்டனர். நமக்கோ கதிரவனே அடுப்பு. தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பிட்டுக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளமும், தடித்த சுவரும் பகற்சூட்டைத் தம்முள் வாங்கி இரவில் மெல்ல வெளியிட்டன. நெருப்பின்றியே வீடு வெதுவெதுப்பாய் இருந்தது.

1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியபின் பிழைப்புத் தேடி வந்தோர் பெருகினர். தகரமும் கல்நார் ஓடும் வேய்ந்த குடில்கள் எழுந்தன. மெல்லிய தகரம் நண்பகலில் கொதிக்கும்; பொழுது சாய்ந்ததும் சூட்டை இழந்துவிடும். திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளில் வேலை செய்யும் வெளிமாநிலத்தார் பலரின் உறைவிடமும் இத்தகையதே. குளிர் இல்லாத ஊரில் குளிரால் வாடுவோர் இவர்களே.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. குளிர் தாங்காது, கதவடைத்த அறையில் கரியடுப்பை வைத்து உறங்கினால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். தடவு இருந்த மாளிகை விசாலமானது. தகரக் கொட்டகை அத்தகையதன்று. உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை எரியவிடாதீர்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதன் பயனை இங்கே உணர்கிறோம்.

செய்யத்தக்கவை எளியவை. சிமெண்டுத் தரை உடற்சூட்டை உறிஞ்சுவதால் பாய்க்கடியில் கெட்டி அட்டையோ பழந்துணியோ விரித்தல் வேண்டும். தலையையும் காதையும் மூடிக்கொள்ளல் வேண்டும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கம்பளி வேண்டும். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை ஈராயிரம் ஆண்டுகளாகப் போற்றுகிறோம். மயிலுக்கேனும் தோகை உண்டு. சூளையோரத்துக் குழந்தைக்கு அதுவும் இல்லை.