குரங்கின் இதயம்: ஊவாவில் ஒரு கதையின் இரு வழிகள்

கதைகள் நாட்டெல்லை அறியா. மக்கள் புலம்பெயருங்கால் அவர்தம் மூட்டை முடிச்சுகளோடு கதைகளும் உடன் செல்கின்றன. ஒரே விலங்குக் கதை இரு வேறு வழிகளால் இலங்கையின் ஊவா மாகாணத்தை வந்தடைந்தமை இதற்குத் தக்க சான்றாகும். குரங்கும் முதலையும் பற்றிய கதையே அது.

முதலாவது வழி பௌத்தத்தின் வழி. பாளி மொழியிலுள்ள சாதகக் கதைகளுள் ஒன்றில், தன் மனைவியின் ஆசையை நிறைவேற்ற ஒரு முதலை குரங்கின் இதயத்தை நாடுகின்றது. கங்கையின் மறுகரையில் இனிய கனிகள் உண்டெனக் கூறிக் குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு, நடு ஆற்றில் மூழ்கத் தொடங்குகின்றது. குரங்கோ, தன் இதயம் கரையிலுள்ள அத்தி மரத்தில் தொங்குகின்றது என்று சொல்லித் தப்புகின்றது. சாதகக் கதைகள் 14ஆம் நூற்றாண்டில் சிங்களத்திற் பெயர்க்கப்பெற்றன. விகாரைச் சுவரோவியங்களிலும் அத்தகைய கதைகள் பல இடம்பெற்றன. ஐரோப்பாவில் கொமேனியசு சிறுவர்க்கெனப் படநூலை வெளியிட்டது 1658இல். எழுத்தறியாச் சிறுவர்க்குப் படத்தாற் கதை சொல்லும் பணியை ஈழத்தில் விகாரைச் சுவர்கள் ஆற்றின எனலாம்.

இரண்டாவது வழி தமிழ் வழி. பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் இக்கதை வருகின்றது. தாண்டவராய முதலியார் 1826இல் வெளியிட்ட தமிழ் உரைநடைப் பஞ்சதந்திரம் இந்நூலைத் தமிழ் மாணவர்க்கு எளிதாக்கியது. எனினும், ஏடும் அச்சும் எட்டாத குடிசைகளிற் பாட்டிமார் வாய்மொழியே நூலாயிற்று.

இரு வடிவங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிந்தித்தற்குரியது. சாதகத்தில் குரங்கு போதிசத்துவர், முதலை தேவதத்தன். அங்கு மோதுவன அறிவும் வஞ்சகமும். பஞ்சதந்திரத்திலோ இரண்டும் நண்பர்கள். நாளும் பழம் தந்த நண்பனையே முதலை காட்டிக்கொடுக்கின்றது. ஆகவே அங்கு உடைவது நட்பு. 8ஆம் நூற்றாண்டில் இக்கதை அரபு மொழிக்குச் சென்றபோது முதலை ஆமையாக மாறிற்று. விலங்கு மாறினும் மரத்தில் விட்டுவந்த இதயம் மட்டும் மாறவில்லை.

ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அம்மலைகளிற் குடியேறினர். தோட்டச் சிறுவருள் 6 முதல் 10 வயதினர்க்குக் கல்வி அளித்தல் வேண்டும் என 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயினும் ஓரறைப் பள்ளியில் நூல்கள் அரியனவாகவே இருந்தன. தாயர் கொழுந்து பறிக்கச் சென்ற பொழுதிற் பிள்ளை மடுவமும், இரவில் லயத்து அடுப்படியுமே கதை கேட்கும் இடங்களாயின.

அந்தக் கதைச் சங்கிலி பின்னர் அறுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகிரப்பெற்றனர். ஒரே குடும்பத்தினர் இரு நாடுகளுக்கு உரியோராயினர். 1924இற் பதுளையை அடைந்த இருப்புப்பாதை வழியே தலைமன்னார் நோக்கிச் சென்றோருள் கதை சொல்லும் முதியோரும் இருந்தனர். பாட்டி அக்கரையிலும் பேரன் இக்கரையிலும் ஆயின் கதை யாரிடம் தங்கும்?

மலையக மக்களின் நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து அழியாது காத்தார். விலங்குக் கதைகளுக்கு அத்துணைக் கவனம் கிட்டிற்றிலது. சிபில் வெத்தசிங்க 1956இல் வெளியிட்ட குடைத்திருடன் பற்றிய சிங்களப் படநூலில் திருடன் ஒரு குரங்கே. அந்நூல் பல மொழிகளிற் பரவிற்று. ஒரு கிராமத்துக் குரங்கு உலகைச் சுற்றிவரலாமாயின், லயத்திற் கேட்ட கதையும் படநூலாகி உலகை அடைதல் அரிதன்று.

அத்தகைய நூல் இரு மொழிகளிலும் அமைதல் வேண்டும். பதுளைச் சந்தையில் அருகருகே நிற்கும் சிங்களச் சிறுவனும் தமிழ்ச் சிறுவனும் அறியாமலே ஒரே கதைக்கு உரியவர்கள். ஒருவனுக்கு அது அத்தி மரம்; மற்றவனுக்கு நாவல் மரம். இரு மரங்களையும் ஒரே பக்கத்தில் வரைந்துகாட்டின், அவ்வுறவை உணர்த்த வேறு விளக்கம் வேண்டா. கடல் கடந்து அனுப்பப்பெற்ற முதியோர் தம் இதயத்தை அம்மலைகளிலே விட்டுச் சென்றனர். அவர்கள் சொன்ன கதைகளையேனும் அங்கே நிலைபெறச் செய்தல் அறிஞர் கடன்.