விதை கொடுத்தவர்கள்

எங்கள் தெருவில் ஒரு நெல் வியாபாரி இருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். போன கோடையில் ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "தம்பி, நம்ம பையனுக்கு நீதான் நாலு வார்த்தை புத்தி சொல்லணும்" என்றார்.

விஷயம் இதுதான். கல்லூரிப் படிப்பை முடித்த அவர் மகன், ஏதோ ஓர் அயல்நாட்டுக்குப் போய் ஆறு வாரம் காடு வளர்க்கும் தொண்டு செய்யப்போகிறானாம். சம்பளம் கிடையாது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கூட அவனே பணம் கட்டவேண்டும்.

"இங்க வெலிங்டன் ஏரி தூர்ந்துக்கிட்டுக் கெடக்குது. வெள்ளாத்துல மணலைக் காணோம். அதையெல்லாம் விட்டுட்டுக் கடல் தாண்டிப் போயி மரம் நடப்போறானாம். அதுக்குக் கைக்காசு வேற!"

அவர் கோபம் நியாயமானதுதான். திட்டக்குடிப் பக்கத்துக் குடியானவனுக்கு 1923இல் கட்டி முடிந்த அந்த ஏரிதான் உயிர். வெள்ளாற்று நீரோடு வரும் வண்டல் அதில் படிந்துகொண்டே இருக்கிறது. மேட்டிலே மண்ணைப் பிடித்து வைக்க மரம் இல்லாவிட்டால் பள்ளத்திலே ஏரி மேடாகும் என்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. ஆனாலும் அவருக்கு உடனே 'சரி' சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அயலூரான் வந்து மண்வெட்டி பிடிப்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதன் முக்கியமான அத்தியாயம் ஒன்று நம் செம்மண்ணிலேயே நடந்தது.

சரித்திரத்தின் தொடக்கம் ஐரோப்பாவில். முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு, ஸ்விட்ஜர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் என்ற எஞ்சினீயர், 1920இல் பிரான்ஸில் வெர்தூன் போர்க்களத்தை அடுத்த ஒரு கிராமத்துக்குச் சில தோழர்களோடு போனார். பீரங்கி சிதைத்த வீடுகளையும் வழிகளையும் கூலியில்லாமல் சரிசெய்வது அவர்கள் நோக்கம். அந்தக் கூட்டத்தில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் இன்று கொத்துக் கரண்டியோடு வந்து நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? சில மாதங்களில் வேலை நின்றுவிட்டது. ஆனால் அதிலிருந்துதான் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற இயக்கம் பிறந்தது.

1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பூகம்பம் வந்தது. பூமி பிளந்து மணலையும் நீரையும் கக்கியதில் வயல்கள் மூடிக்கொண்டன. செரெசோல் அந்த ஆண்டே இந்தியாவுக்கு வந்தார். பிறகு அவரோடு வந்து சேர்ந்த ஐரோப்பியத் தொண்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெள்ளத்துக்கு எட்டாத இடத்தில் புதிய குடியிருப்புகளை எழுப்பும் வேலையில் ஊராரோடு மண் சுமந்தார்கள். அப்படி எழுந்த கிராமங்களில் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர். வெள்ளைக்காரன் என்றால் குதிரைமேல் வரும் துரை என்றிருந்த காலத்தில், கூடை தூக்கிய வெள்ளைக்காரனைப் பார்த்து அந்த ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

வீடு கட்டினால் ஒருநாள் கூரை வேய்ந்து முடியும். தொண்டர்கள் கும்பிடு போட்டுவிட்டு ஊர் திரும்பலாம். காடு அப்படி முடிகிற காரியமல்ல. அதை அயலார் கற்றுக்கொண்ட இடம் நமக்கு அரைநாள் பஸ் பிரயாணத்தில் இருக்கிறது.

புதுச்சேரிக்கு வடக்கே, திண்டிவனம் சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு செம்மண் மேடு உண்டு. அதன் ஓரத்தில் உள்ள இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். கடுவெளிச் சித்தரைச் சபையில் ஏளனம் செய்தார்களாம்; அவர் கோபத்தில் பாடியதும் லிங்கம் வெடித்து, பூமி பொட்டலாகப் போயிற்றாம். வெடித்த லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டி வைத்திருக்கிறார்கள். தூர தேசத்தார் வந்து மறுபடி பச்சையாக்குவார்கள் என்று சாபவிமோசனமும் உண்டு. கதை எழுதிப் பிழைக்கிற எனக்குக் கதையின் வால் தனியாகத் தெரியும். விமோசனத்தைப் பிற்காலத்து ஆசாமி யாரோ ஒட்டியிருப்பார் என்பது என் சந்தேகம். பொட்டல் மட்டும் உண்மை. மழை பெய்தால் மேல்மண் செந்நீராக ஓடிக் கடலில் கலக்கும். நிலம் ஆழ ஆழமான ஓடைகளாகப் பிளந்து கிடந்தது.

1968 பிப்ரவரி 28ஆம் தேதி அங்கே ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளிலிருந்து வந்த பிடிமண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். குடியேறிய இளைஞர்களுக்கு முதல் தேவை தத்துவம் அல்ல, நிழல். குழி தோண்டிக் கன்று வைத்தார்கள். மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். வெயிலும் ஆடும் பங்குபோட்டுக்கொண்டு கன்றுகளைத் தின்றன. பிறகுதான் புத்தி வந்தது: முதலில் நட வேண்டியது மரம் அல்ல, தண்ணீர். சரிவுக்குக் குறுக்கே கரை போட்டார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். ஓடிக்கொண்டிருந்த மழை நின்று நிலத்தில் இறங்கிற்று. அதன் பின்னரே கன்று பிழைத்தது.

அந்தக் கரைகளைப் போட்டது யார்? இரும்பைப் பக்கம் ஒரு டீக்கடையில் நான் சந்தித்த முதியவர் அதற்குப் பதில் சொன்னார். வாலிபத்தில் அங்கே மண் வெட்டியவர்.

"தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு அவங்களுக்கு என்னா தெரியும் தம்பி? நாங்கதான் காட்டிக் குடுத்தோம்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா ஒண்ணு. நாங்க கூலிக்குச் செஞ்சோம். அவங்க கூலியில்லாம செஞ்சாங்க" என்றார்.

இரண்டும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம். ஆனால் அயல்நாட்டார் பெயர் புத்தகத்தில் ஏறுகிறது. மண் சுமந்த கிராமத்தார் 'உள்ளூர்த் தொழிலாளர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

விதை விஷயமும் இப்படித்தான். தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அகேசியா ஒன்றை ஏராளமாக நட்டார்கள். அது பொட்டலில் சீக்கிரம் வளரும், நிழல் தரும், உதிர்ந்த இலையால் மண்ணுக்கு உரம் சேர்க்கும். அந்த நிழலில்தான் வீரை, பாலை, காசா, கருங்காலி முதலிய நம் மரங்கள் தலையெடுத்தன. ஏறக்குறைய அழிந்துபோன அந்தப் பழங்காட்டுக்கு விதை எங்கிருந்து கிடைத்தது? கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்ற தோப்புகளிலிருந்துதான். அங்கே ஒரு சுள்ளி ஒடித்தால் அய்யனார் கேட்பார் என்ற பயமும் பக்தியும் தலைமுறை தலைமுறையாக விதையைக் காத்து வைத்திருந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 1973இல் பிச்சாண்டிக்குளம் காட்டைத் தொடங்கிய ஜாஸ் புரூக்ஸ் போன்றவர்கள் அந்த மரங்களை நம் கிராமத்து வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றார்கள். கை அயலாருடையது, விதை அய்யனாருடையது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் பரீட்சை வைத்தது. கடலூர் ஜில்லாவில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நாங்கள் மறக்கமாட்டோம். ஆரோவில்லிலும் மரங்கள் பெருவாரியாக விழுந்தன. அதிகம் விழுந்தது அவசரமாக வளர்ந்த அகேசியா. மெதுவாக வளர்ந்த நம் மரங்கள் அதைவிட நன்றாக ஈடுகொடுத்தன.

கற்ற பாடம் பிறகு கப்பலேறிற்று. 2003இல் இஸ்ரேலைச் சேர்ந்த அவிராம் ரோஸின், யோரித் தம்பதி அங்கே 70 ஏக்கரில் சாதனா காட்டைத் தொடங்கினார்கள். பல தேசத்து இளைஞர்கள் வந்து கரை போட்டுக் கன்று நட்டார்கள். இந்த முறையை 2010இல் ஹெய்ட்டிக்கும், 2014இல் கென்யாவுக்கும் கொண்டுபோனார்கள். சென்னையிலோ, குப்பை மேடாகக் கிடந்த அடையாற்றுக் கழிமுகத்தின் 58 ஏக்கர், பிச்சாண்டிக்குளத்தாரின் யோசனையில் 2011இல் தொல்காப்பியப் பூங்காவாயிற்று.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆடு மேய்த்த வெளி காடானால் ஆட்டுக்காரன் எங்கே போவான் என்பது கேட்கவேண்டிய கேள்விதான். காடும் நிரந்தரமல்ல: 2021 டிசம்பரில் நகரச் சாலைக்காக இயந்திரங்கள் வந்து மரங்களைச் சாய்த்தபோது, நட்டவர்களே குறுக்கே நின்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மார்ச்சில் திட்டத்தின் பக்கம் தீர்ப்பானது. ஐம்பது ஆண்டு ஆன பிறகும் காவல் தேவைப்படுகிற பயிர் அது.

மறுநாள் பையன் வந்தான். அப்பாவின் கட்சியை நான் பேசப்போகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் சொன்னேன்.

"அப்போ போகலாம்ங்கறீங்களா சார்?"

"போ. ஆனா அங்க போனதும் ஒரு கேள்வி கேளு. 'நான் நடுற கன்னுக்கு அடுத்த ரெண்டு கோடைக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?'ன்னு. பதில் சொல்றவர் அந்த ஊர்க்காரரா இருந்தா அவர்கிட்ட வேலை கத்துக்கோ. பதிலே இல்லேன்னா, உன் காசுக்குப் படம் புடிச்சுக் குடுக்கறாங்கன்னு அர்த்தம்."

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "வீரைன்னா எது சார்? நம்ம பக்கம் இருக்கா?" என்று கேட்டான்.

எனக்குக் காட்டத் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பஸ் ஏறிக் கீழ்புத்துப்பட்டுக்குப் போனோம். நெல் வியாபாரியும் கூட வந்தார். அய்யனாருக்கு ஒரு பிரார்த்தனை பாக்கி இருக்கிறதாம்.