திருத்தப்படுவது எது? கேமராப் படமும் வரைபடமும் சேர்ந்து சொல்லும் இடம்

1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11-இன் இறங்குகலமான 'ஈகிள்' நிலாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, நீல் ஆம்ஸ்ட்ராங் ஜன்னலில் தெரிந்த கிண்ணக்குழிகளைத் தாம் மனப்பாடமாக அறிந்திருந்த வரைபடத்தோடு ஒத்துப் பார்த்தார். வரவேண்டிய நேரத்துக்கு இரண்டு, மூன்று விநாடி முன்னதாகவே அடையாளங்கள் கடந்துபோயின. விநாடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடும் கலத்தில் இரண்டு விநாடி என்பது சிறிய பிழை அல்ல. இலக்கைத் தாண்டித்தான் இறங்கப்போகிறோம் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கணினிக்குத் தெரியவில்லை. கண்ணும் வரைபடமும் சேர்ந்து கண்டுபிடித்த பிழையைக் கணினிக்குள் கொண்டுசேர்க்க அந்தப் பயணத்தில் வழி இருக்கவில்லை. கலம் தானாகச் சென்றுகொண்டிருந்த இடம் பாறைகள் சிதறிக் கிடந்த பள்ளம் என்று கண்டதும், ஆம்ஸ்ட்ராங் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்து அதைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினார். இறங்கிய இடம் இலக்கின் மையத்திலிருந்து 6 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தது.

நான்கு மாதம் கழித்துப் பறந்த அப்போலோ 12-க்கு நாசா பொறியாளர்கள் ஒரு வழி செய்தார்கள். கலத்தின் இடத்தையும் வேகத்தையும் குறிக்கும் எண்களை இறங்கும் நேரத்தில் மாற்றுவது ஆபத்தான வேலை. அதனால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, இறங்கவேண்டிய இடம் 4,200 அடி தள்ளிப் போய்விட்டது என்று கணினிக்குச் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். கணினி அதை நம்பியது. கலம், முன்பே நிலாவில் இறங்கியிருந்த ஆளில்லாக் கலமான சர்வேயர் 3 நின்ற இடத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டரில் இறங்கியது. அந்தத் திருத்தம் பூமியிலிருந்து வானொலி அலை கொண்டு கணித்தது, படத்திலிருந்து வந்தது அல்ல. ஆனால் இடத் திருத்தம் என்னும் செயலின் உள்ளமைப்பை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய நிகழ்ச்சி வேறொன்றை நான் அறியேன். கலத்துக்கும் இலக்குக்கும் இடையிலான உறவைத் திருத்தினால் போதும். இரண்டில் எதை நகர்த்துகிறோம் என்பது வசதியைப் பொறுத்தது.

கேமராப் படத்தைச் சேமித்த வரைபடத்தோடு ஒப்பிட்டு இடத்தைத் திருத்தும் முறைகளை, ஒரு சாதனத்தின் பிழையைச் சுதந்திரமான சாட்சி ஒன்று வந்து சரிசெய்வதாக விவரிப்பதே இன்றைய வழக்கம். இந்த விவரிப்பு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். கேமரா வரைபடத்தை விட்டுப் பேசுவதில்லை. கிடைக்கும் விடை கோளின் மீதான இடம் அல்ல, வரைபடத்தின் மீதான இடம். இந்த வேறுபாடு சில பணிகளில் பெரிய நன்மை, சில பணிகளில் கண்ணுக்குத் தெரியாத கேடு.

கணித வடிவில் இது பழைய சிக்கல். மூன்று அடையாளங்களின் இடம் தெரிந்து, அவற்றைப் பார்க்கும் கோணங்களும் தெரிந்தால் பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று கணிக்கலாம். ஜெர்மானியரான கிரூனெர்ட் 1841-லேயே இதற்கு விடை வெளியிட்டார். கணினி யுகத்தில் கடினம் வேறிடத்துக்கு மாறியது. படத்தில் தெரியும் இந்தப் புள்ளி வரைபடத்தின் எந்தப் புள்ளி? நூறு இணைகளில் பத்து தவறாகப் பொருந்தினாலும், எல்லாப் புள்ளிகளுக்கும் சமமாகக் காதுகொடுக்கும் குறைந்த வர்க்க முறை விடையைக் கெடுத்துவிடும். 1981-இல் ஃபிஷ்லரும் போல்ஸும் 'ரான்சாக்' முறையை முன்வைத்தபோது அவர்கள் எடுத்துக்கொண்ட பயன்பாடு இதுவேதான். சில இணைகளைத் தற்செயலாக எடு, அவற்றிலிருந்து ஓர் இடத்தைக் கணி, மற்ற இணைகளில் எத்தனை அதை ஆமோதிக்கின்றன என்று எண்ணு, பலமுறை செய்து அதிக ஆமோதிப்பு பெற்றதை வைத்துக்கொள். இன்றைய முறைகள் பலவற்றின் அடியில் இந்த எண்ணமே ஓடுகிறது. இதில் சந்தேகத்துக்கு உள்ளாவது பொருத்தங்கள் மட்டுமே. வரைபடத்தில் அடையாளங்கள் குறிக்கப்பட்ட இடம் சரி என்பது முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. என் ஆட்சேபம் அங்கே தொடங்குகிறது.

ஆனால் முதலில், அந்த ஒப்புதல் எங்கே நியாயமானது என்று பார்க்க வேண்டும். முடுக்கத்தையும் சுழற்சியையும் அளந்து தன் பாதையைத் தானே கூட்டிக்கொண்டு போகும் நிலைமச் சாதனத்தில் பிழை காலத்தோடு பெருகும். முடுக்க அளவில் விநாடிக்கு விநாடி ஒரு மில்லிமீட்டர் அளவே மாறாப் பிழை இருந்தாலும் 400 விநாடியில் அது 80 மீட்டராகும். செவ்வாயில் இறங்கும் கலத்துக்கு, வளிமண்டலத்தில் நுழையும் கணத்தின் ஐயமும் சேரும். பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 அன்று ஜெசிரோ கிண்ணக்குழியில் இறங்கியபோது, பாராசூட்டில் தொங்கும் கட்டத்தில் தன் இடத்தை 3.2 கிலோமீட்டர் வரை தவறாக எண்ணியிருக்கக்கூடும் என்று கொண்டே வடிவமைத்தார்கள். அந்த ஐயத்தைப் பத்து விநாடிக்குள் 40 மீட்டராகக் குறைப்பது கேமரா அமைப்புக்கு இட்ட பணி. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்தில் வேலை தொடங்கும். முதலில் படத்தின் பெரிய துண்டுகளைப் பரந்த பரப்பில் தேடிப் பொருத்திக் கிலோமீட்டர் பிழையை ஒழிப்பது, பிறகு சிறு துண்டுகள் பலவற்றைக் குறுகிய பரப்பில் பொருத்தி மீட்டர் கணக்கில் நெருங்குவது என்று இரண்டு படி. ஒவ்வொரு பொருத்தமும் நிலைமச் சாதனத்தின் கணிப்போடு, பல அளவுகளைச் சேர்த்து ஒரே இடத்தைக் கணிக்கும் 'வடிகட்டி' என்னும் கணித முறையில் கலக்கப்படும். இதற்கான சோதனைகளை 2019-இல் கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குப் பகுதியில் ஹெலிகாப்டரில் நடத்தினார்கள். இந்த அமைப்பு இல்லாவிட்டால் ஜெசிரோவில் பத்திரமாக இறங்கும் வாய்ப்பு 85 விழுக்காடு, இருந்தால் 99 என்பது நாசா சொன்ன கணக்கு.

கலத்தில் இருந்தவை இரண்டு வரைபடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பொருத்துவதற்கான தோற்ற வரைபடம், செவ்வாயைச் சுற்றும் எம்.ஆர்.ஓ. கலத்தின் அகலப்பார்வைக் கேமரா எடுத்த, படப்புள்ளிக்கு 6 மீட்டர் அளவுள்ள படங்களிலிருந்து வந்தது. பாறை, சரிவு, மணல்மேடு ஆகியவற்றைக் குறித்த ஆபத்து வரைபடம், அதே கலத்தின் ஹைரைஸ் கேமராவின் மிக நுண்ணிய படங்களிலிருந்து வந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருத்தியிருந்தார்கள். இப்போது ஒரு கேள்வி: இரண்டு வரைபடங்களும் சேர்ந்து செவ்வாயின் உண்மையான ஆயத்தொலைகளிலிருந்து நூறு மீட்டர் தள்ளியிருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கலம் தன் இடத்தை நூறு மீட்டர் தவறாகச் சொல்லும், ஆபத்தான பாறையும் அதே நூறு மீட்டர் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கும், இரண்டும் கழிந்துபோகும். மாறாக, இரண்டுக்கும் இடையே முப்பது மீட்டர் பிசகு இருந்தால் கேமரா எவ்வளவு துல்லியமாக வேலை செய்தாலும் கலம் பாறை மேல் இறங்கக்கூடும். பத்திரத்தைத் தீர்மானித்தது இரண்டு வரைபடங்களுக்கு இடையிலான உடன்பாடு. இந்தச் சாதனையில் படப்பொருத்த நிரலுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது, பூமியில் உட்கார்ந்து அந்த இரண்டு படங்களையும் ஒன்றாக்கியவர்களுக்குச் சேர வேண்டும்.

இஸ்ரோ வந்த வழியும் இதையே சொல்கிறது. 2019-இல் சந்திரயான்-2 கலத்துக்கு வகுத்த இறங்குபரப்பு 500 மீட்டருக்கு 500 மீட்டர். அது தோற்ற பிறகு சந்திரயான்-3-க்கு அந்தப் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. சந்திரயான்-3-இன் இறங்குகலமான விக்ரமில் இருந்த இடமறி கேமரா, கலத்தில் ஏற்றிவைத்த நிலா வரைபடத்தோடு தன் படங்களைப் பொருத்தி அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணித்தது. இறங்குவதற்கு நான்கு நாள் முன்பு, 2023 ஆகஸ்ட் 19 அன்று, சுமார் 70 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது எடுத்த படங்களை இஸ்ரோ வெளியிட்டது. இறங்குபரப்பை விரித்தது துல்லியத்தைக் கைவிட்ட செயலாகச் சிலருக்குப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. சந்திரயான்-2 சுற்றுகலம் அந்தப் பரப்பைப் படப்புள்ளிக்கு அரை மீட்டருக்கும் குறைவான நுட்பத்தில் படமெடுத்துத் தந்த பிறகு, நன்றாகத் தெரிந்த நிலம் பெரிதாகிவிட்டது. எங்கே இறங்கினாலும் தெரிந்த இடத்தில் இறங்கலாம்.

ஜப்பானின் நிலா இறங்குகலம் 'ஸ்லிம்' வேறு பாதையில் போனது. நூறு மீட்டருக்குள் இறங்குவதே அதன் நோக்கம். 2024 ஜனவரி 20 அன்று, படத்தில் கிண்ணக்குழிகளைக் கண்டறிந்து அவற்றின் அமைப்பை வரைபடத்தில் உள்ள அமைப்போடு பொருத்திக்கொண்டே இறங்கி, இலக்கிலிருந்து 55 மீட்டரில் விழுந்தது. 50 மீட்டர் உயரத்தில் ஓர் எஞ்சின் செயலிழந்ததால் வந்த விலகல் அது. அதற்கு முன் இடப்பிழை 10 மீட்டருக்குள், அநேகமாக 3 அல்லது 4 மீட்டர் என்று ஜப்பானிய விண்வெளி முகமையான ஜாக்ஸா கணித்தது. அந்த 3 மீட்டரும் நிலாவின் மேற்பரப்புப் படங்களை ஒட்டி அளந்ததே. அங்கே வேறு அளவுகோல் கிடையாது.

வரைபடம் நிலத்தை மட்டும் சேமிப்பதில்லை, படமெடுத்த வேளையின் வெயிலையும் சேமிக்கிறது. எம்.ஆர்.ஓ. தான் கடக்கும் இடங்களைச் செவ்வாயின் பிற்பகலில், உள்ளூர் நேரம் மூன்று மணியை ஒட்டிப் பார்க்கிறது. பெர்சிவியரன்ஸ் இறங்கியதும் பிற்பகல்தான், அதனால் நிழல்கள் ஓரளவு ஒத்துப்போயின. நிலாவில் விடியற்காலையில் இறங்கும் கலத்துக்கு நிழல்கள் நீண்டு கிடக்கும். உச்சிவேளையில் எடுத்த வரைபடம் அங்கே கிட்டத்தட்ட வேறொரு நிலம்.

எந்த வரைபடமும் உதவாத நிலமும் உண்டு. பெர்சிவியரன்ஸோடு செவ்வாய்க்குப் போன இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் வரைபடம் இல்லாமல், அடுத்தடுத்த படங்களில் புள்ளிகள் நகர்வதைக் கொண்டே தன் வேகத்தைக் கணித்துப் பறந்தது. 2024 ஜனவரி 18 அன்று, அதன் 72-ஆவது பறப்பில், கீழே அடையாளமற்ற மணல் அலைகள் மட்டுமே தெரிந்தன. வேகக் கணிப்பு பிசகி, தரையில் மோதி, சுழலி அலகுகள் உடைந்தன. வரைபடம் இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரே மாதிரியான மணலில் பொருந்தாமல் போவதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது: தவறான இடத்தில் நன்றாகப் பொருந்துவது. ரான்சாக் எண்ணும் ஆமோதிப்புகள் அப்போதும் நிறையக் கிடைக்கும்.

பூமியில் நிலைமை தலைகீழ். இங்கே செயற்கைக்கோள் இடங்காட்டி என்னும் இன்னொரு சாட்சி இருக்கிறது. ஆஸ்திரேலியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் கண்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் நகர்கிறது. 1994-ஆம் ஆண்டு நிலைக்குக் கட்டிய அதன் அதிகாரபூர்வ ஆயமுறை, 2020-க்குள் செயற்கைக்கோள் சொல்லும் இடத்திலிருந்து சுமார் 1.8 மீட்டர் விலகிவிட்டது. அதனால் புதிய ஆயமுறை கொண்டுவந்தார்கள். பழைய வரைபடத்தை வைத்துக் கேமரா மூலம் தன் இடத்தைத் 'திருத்திக்கொண்ட' ஒரு தானியங்கி வாகனம், சரியாக இருந்த செயற்கைக்கோள் அளவையே பிழையென்று ஒதுக்கியிருக்கும். பாதைக்கோடுகளும் அதே வரைபடத்தில் இருந்தால் கேடில்லை, ஜெசிரோ போலவே கழிந்துபோகும். பாதை ஒரு மூலத்திலிருந்தும் தோற்றம் இன்னொரு மூலத்திலிருந்தும் வந்தால்தான் சிக்கல்.

நகரத் தெருவில் கைபேசியின் சிக்கல் வேறு. உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளால், திரையில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி எதிர்ச்சாரிக்குத் தாவும். திசை இன்னும் மோசம். 2018-இல் கூகுள் அறிவித்த முறை, தெருக்காட்சிப் படங்களிலிருந்து கட்டிய அடையாளத் தொகுப்போடு கைபேசிக் கேமராப் படத்தைப் பொருத்துகிறது. மரங்களும் தற்காலிகப் பொருள்களும் மாறிவிடும் என்பதால், நிலையான கட்டடப் பகுதிகளுக்கே முன்னுரிமை தரும்படி அதைப் பயிற்றுவித்தார்கள். கடையின் முகப்பை இடித்துக் கட்டும் வேகம் ஊருக்கு ஊர் வேறு. படமெடுத்த வாகனம் மறுபடி வந்து போனதா என்பதே அங்கே துல்லியத்தின் எல்லை.

இந்த வாதத்துக்கு மறுப்பு ஒன்று உண்டு. ஆய்வகங்களில் பிழை சென்டிமீட்டர் கணக்கில் அளக்கப்படுகிறதே, அது வரைபடத்தைச் சாராத உண்மை அல்லவா என்று கேட்கலாம். 2021-இல் பிராக்மன், ஹூமன்பெர்கர், ரோதர், சாட்லர் ஆகியோர் இதையே சோதித்தார்கள். பரவலாகப் பயன்படும் உள்ளரங்கத் தொகுப்புகளில் 'உண்மை' எனக் கொள்ளப்படும் இடங்களே இன்னொரு கணினி முறையால் கணிக்கப்பட்டவை. அந்த மூலமுறையை மாற்றினால் போட்டியிடும் முறைகளின் தரவரிசையும் மாறுகிறது என்று காட்டினார்கள். மூலமுறைக்கு நெருங்கிய உறவுள்ள முறை வெல்கிறது. ஆகவே ஒரு கட்டுரை '2 சென்டிமீட்டர் துல்லியம்' என்று அறிவித்தால், எந்த வரைபடத்தை ஒட்டி, அதை யார், எப்போது, எந்த வெளிச்சத்தில் கட்டினார்கள் என்பதும் அதே வாக்கியத்தில் வர வேண்டும். வடிகட்டியிலும் வரைபடத்தின் ஐயத்துக்குத் தனி இடம் தர வேண்டும். வழக்கமாக அதைப் பூச்சியமாக வைத்துவிட்டு, படப்புள்ளிப் பிழையைச் சற்றுப் பெருக்கிச் சமாளிக்கிறார்கள். ஆனால் வரைபடப் பிழை ஒரே திசையில் நிலையாகத் தள்ளும் பிழை. எத்தனை படங்களைச் சராசரியாக்கினாலும் அது குறையாது, வடிகட்டியின் தன்னம்பிக்கை மட்டும் கூடும்.

நிலாவில் இதுவரை இந்தக் கேள்வி எழாததற்குக் காரணம் அங்கே இரண்டாவது சாட்சி இல்லாததுதான். ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'மூன்லைட்' திட்டம் நிலாவைச் சுற்றும் இடங்காட்டிக் கலங்களை அனுப்ப இருக்கிறது. அவை வந்தால், இறங்கும் கலத்துக்கு ஒரே கணத்தில் இரண்டு இடங்கள் கிடைக்கும்: வானொலி சொல்லும் இடம், வரைபடம் சொல்லும் இடம். இரண்டும் இருபது மீட்டர் விலகினால், பாறைகள் குறிக்கப்பட்டிருக்கும் வரைபடத்தின் பக்கமே கலம் நிற்க வேண்டும். ஆனால் அதே கலம் ஏற்கெனவே தரையில் நிற்கும் இன்னொரு கலத்தின் அருகே போய் இறங்க வேண்டியிருந்து, அந்தக் கலத்தின் இடம் வானொலியால் மட்டுமே தெரிந்திருந்தால், முடிவு மாறும். அப்போது நகர்த்தவேண்டியது வரைபடத்தை.