கிள்ளான் தோட்டங்களில் எழுந்த உரிமைக் குரல்



அந்நியர் ஆட்சியை எதிர்த்து மக்கள் எழுவது ஏன்? வரி கூடியதால் என்பார் சிலர். கூலி குறைந்ததால் என்பார் வேறு சிலர். இரண்டும் உண்மைதான். ஆனால் அதுவே முழு உண்மையா என்பதை இன்று நாம் சிந்திப்போம்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். ஒரு காலத்தில் அங்கும் பிரிட்டிஷ் ஆட்சியே நடந்தது. 1773-ஆம் ஆண்டில் பிரிட்டன் இயற்றிய தேயிலைச் சட்டத்தால் அங்கே தேயிலை விலை குறைய இருந்தது. ஆனாலும் குடியேற்ற மக்கள் மகிழவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, போஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். தேயிலை மீதிருந்த வரி நீங்கவில்லை. தங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத நாடாளுமன்றம் தங்கள் மீது வரி போடுவதா என்பதே அவர்கள் கேள்வி. பிரச்சினை விலையன்று, உரிமை.

இதே பாடத்தை நம் கிள்ளான் வட்டாரமும் கற்பித்திருக்கிறது. அது 1941-ஆம் ஆண்டு. சிலாங்கூரின் நிர்வாகம் பிரிட்டிஷார் கையில் இருந்த காலம்.

1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது தோட்டக் கூலியும் வெட்டப்பட்டது. பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-இல் மீண்டும் கூலியில் கைவைத்தபோது, இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு உலக யுத்தம் மூண்டது. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. சாமான்களின் விலையும் ஏறியது. ஆனால் பால் வெட்டிய நம்மவரின் நாள் கூலி 50 காசு அளவிலேயே நின்றது. சீனத் தொழிலாளருக்குக் கிடைத்ததோ அதைவிட அதிகம்.

இந்நிலையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர் பக்கம் நின்றது. அதனை முன்னின்று நடத்தியவர்களில் ஆர். எச். நாதன், ஒய். கே. மேனன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். தொழிலாளரின் கோரிக்கைகளை நாம் சற்று நிதானமாகக் கேட்க வேண்டும்.

சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். 10 மணி, 12 மணி நேர வேலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வியும், நோயாளிகளுக்கு நல்ல வைத்தியமும் வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களின் மானத்துக்குப் பங்கம் வரக்கூடாது. உற்றார் உறவினர் தோட்டத்துக்குத் தடையின்றி வந்துபோக வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்!

சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்து போகவும் போராட வேண்டியிருந்த காலம் அது.

அவ்வாண்டின் முதல் மாதங்களில் நடந்த வேலைநிறுத்தங்களால் கூலி சில காசு உயர்ந்தது. அத்தோடு எல்லாம் அடங்கிவிடும் என்று தோட்ட முதலாளிகள் எண்ணினார்கள். அடங்கவில்லை. மே 5-ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். செய்தி பரவியதும் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. மே 16-இல் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படை இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பலர் சிறைப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

நேயர்களே, அவர்கள் நாட்டு விடுதலை கேட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர். மனிதராக நடத்துங்கள் என்றே கேட்டார்கள். அதற்குத் துப்பாக்கி பதில் சொன்னபோது, அந்த ஆட்சி யாருக்காக நடக்கிறது என்பது படிக்காத பாமரருக்கும் புரிந்துவிட்டது. விடுதலை வேட்கை பிறப்பது அந்த இடத்தில்தான்.

ஓராண்டு முடிவதற்குள், 1942 பிப்ரவரி 15-இல், அசைக்க முடியாதவர் என்று எண்ணப்பட்ட பிரிட்டிஷார் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். யுத்தத்துக்குப் பின் திரும்பி வந்தும் பழைய மிடுக்கு நிலைக்கவில்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1957 ஆகஸ்டு 31-இல் மலாயா சுதந்திரம் பெற்றது.

கிள்ளான் வட்டாரத்தின் பழைய தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இருந்த இடமும் தெரிவதில்லை. ஆகவே, தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் அருகில் உட்கார்ந்து பழைய கதைகளைக் கேளுங்கள். பிள்ளைகளையும் கேட்கச் செய்யுங்கள். தலைநிமிர்ந்து சைக்கிளில் போகும் உரிமையையும் ஒருவர் கேட்டுத்தான் பெற்றார் என்பதை அவர்கள் அறியட்டும்.