தூண்டிற்கோல் தக்கைப்பிடி

தூண்டிற்கோல் தக்கைப்பிடி என்பது தூண்டிற்கோலின் அடிப்பகுதியில், கையால் பற்றுவதற்கெனத் தக்கை வளையங்களை ஒட்டிக் கடைந்து அமைக்கப்படும் உறுப்பாகும். ஆலையில் செய்யப்படும் பிடி ஒரு சராசரிக் கையைக் கருதியே செய்யப்படுவதால் பலருக்கு அது பொருந்துவதில்லை. தக்கை மென்மையான பொருள் என்பதால், பிடியைக் கழற்றாமலேயே வீட்டில் உப்புத்தாளால் தேய்த்து அதன் வடிவத்தைத் திருத்திக்கொள்ளலாம். எனினும் தேய்த்து நீக்கிய தக்கையை மீண்டும் சேர்க்க இயலாது. அளவு மீறித் தேய்த்தால் உள்ளிருக்கும் தண்டும் பழுதாகும்.

பெயரும் உள்ளூர் வழக்கும்

தமிழில் தக்கை என்னும் சொல் இரு பொருள் தருவது. புட்டிகளை அடைக்கும் மரப்பட்டைப் பொருளும் தக்கை. தூண்டில் நூலில் கட்டி நீரில் மிதக்கவிடும் மிதவையும் தக்கை. மிதவைத் தக்கை பெரும்பாலும் நெட்டியிலோ மயிலிறகின் தண்டிலோ செய்யப்படும். இக்கட்டுரை முதற்பொருளில் வரும் தக்கையைப் பற்றியது.

திருப்பூர், காங்கேயம், உடுமலைப்பேட்டைப் பகுதிகளின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வழக்கமாகப் பயன்படும் மூங்கில் தூண்டிலுக்குத் தனியே பிடி கிடையாது. மூங்கிலின் பருத்த அடிப்பகுதியே பிடியாகும். கண்ணாடியிழை, கரிமயிழைக் கோல்கள் கடைகளில் கிடைக்கத் தொடங்கிய பின்னரே தக்கைப்பிடி இங்கு அறிமுகமானது. மூங்கிலைத் தெரிவு செய்பவர் தம் கைக்கு ஏற்ற பருமனை வெட்டிக்கொள்வார். ஆலைக்கோலில் அவ்வாய்ப்பு இல்லாததால் பிடியைத் திருத்த வேண்டியுள்ளது.

தக்கையின் இயல்பு

தக்கை, நடுநிலக்கடல் நாடுகளில் வளரும் தக்கை ஓக்கு மரத்தின் வெளிப்பட்டையாகும். உலக உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி போர்த்துக்கல்லில் இருந்து வருகிறது. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரிப்பர். ஒருமுறை உரித்தபின் அடுத்த உரிப்பிற்கு வழக்கமாக ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 1665இல் இராபர்ட்டு ஊக்கு நுண்நோக்கியில் தக்கையின் சீவலைக் கண்டபோதுதான் அதிலிருந்த சிற்றறைகளுக்கு 'செல்' என்று பெயரிட்டார். உயிரியலில் அச்சொல் வழங்கத் தொடங்கியது அங்கிருந்தே.

இந்த அறைகள் மூடியவை. உள்ளே காற்று நிரம்பியவை. எனவே தக்கை எடை குறைந்ததாகவும், நீரை எளிதில் உறிஞ்சாததாகவும், கைக்குச் சூடோ குளிரோ தோன்றாததாகவும் உள்ளது. ஈரமான கையிலும் வழுக்குவதில்லை. பட்டையில் இயற்கையாக உள்ள பட்டைத்துளைகளே பிடியின் மேற்பரப்பில் குழிகளாகத் தெரிகின்றன. குழி குறைந்த தக்கைக்கு விலை அதிகம். மலிவான பிடிகளில் குழிகளைத் தக்கைத்தூளும் பசையும் கொண்டு அடைத்திருப்பர். தேய்க்கும்போது இவ்வடைப்பு பெயர்ந்து, வழவழப்பாக இருந்த பிடி புள்ளி விழுந்ததாக மாறக்கூடும்.

அமைப்பு

பிடி பொதுவாக 12 முதல் 13 மி.மீ. தடிப்புள்ள வளையங்களைத் தண்டின்மேல் கோத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கடைசல் பொறியில் கடைந்து செய்யப்படுகிறது. நடுவில் சற்றுப் பருத்து இருபுறமும் ஒடுங்குவது சுருட்டு வடிவம். இரு முனைகளும் எழும்பி நடு குழிந்தது முழு வெல்சு வடிவம். ஒரு முனை மட்டும் எழும்பியது அரை வெல்சு வடிவம். எறிந்து இழுக்கும் ரீல் கோல்களில் ரீல் தாங்கிக்கு முன்னும் பின்னுமாக இரு பிடிகள் இருக்கும்.

எப்பிடி ஏற்றது என்பது கையை மட்டும் பொறுத்ததன்று. 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டு இன்று தமிழக நீர்நிலைகளில் பரவியுள்ள ஜிலேபிக் கெண்டைக்கு ஒரு கைப்பிடியே போதும். பெரிய கட்லா மீனை நெடுநேரம் தாங்க வேண்டுமாயின் நீண்ட பின்பிடி தேவை. அதனை மெலிதாக்குவது கைக்கு வலியையே தரும்.

திருத்துமுன் அறியவேண்டியவை

முதலில் பிடி முழுத் தக்கையா என்று பார்க்க வேண்டும். சில கோல்களில் நுரை அல்லது நெகிழிக்குழாய் மீது மெல்லிய தக்கைத்தாள் மட்டும் சுற்றப்பட்டிருக்கும். வளையங்களுக்கிடையே கோடுகள் தெரியாமல், நீளவாக்கில் அல்லது சாய்வாக ஓர் இணைப்பு மட்டும் தெரிந்தால் அது தாள் என்று கொள்ளலாம். இதனைத் தேய்க்கக் கூடாது.

அடுத்து, எவ்வளவு தக்கை உள்ளது என்று கணிக்க வேண்டும். பிடிக்குச் சற்று மேலே தண்டின் விட்டம் 12 மி.மீ., பிடியின் விட்டம் 28 மி.மீ. எனில், தக்கையின் தடிப்பு ஒரு பக்கத்திற்கு 8 மி.மீ. ஆகும். ஆனால் தண்டு அடிநோக்கிப் பருத்துச் செல்வது. ஆகவே பிடியின் பின்முனையில் தக்கை, கணக்கிட்டதைவிடக் குறைவாகவே இருக்கும். தண்டு வெளிப்படுவது பெரும்பாலும் இங்குதான். எவ்விடத்திலும் 3 மி.மீ. தடிப்பாவது எஞ்சுமாறு நிறுத்துவது நல்லது.

வெர்னியர் அளவி இல்லாதவர்க்குத் தையல்காரரின் அளவு நாடா போதும். பின்னலாடை ஊரில் அது இல்லாத வீடு அரிது. விட்டம் 1 மி.மீ. குறைந்தால் சுற்றளவு 3 மி.மீ.க்குச் சற்று மிகுதியாகக் குறையும் என்பதால், நாடா சிறு மாற்றத்தையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. 28 மி.மீ. விட்டத்திற்குச் சுற்றளவு 88 மி.மீ. ஆகும்.

திருத்தும் முறை

தண்டு, ரீல் தாங்கி ஆகியவற்றின் மீது ஒட்டுநாடாவை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி மறைக்க வேண்டும். இதனைத் தவிர்த்தால் உப்புத்தாள் ஒருமுறை வழுக்கினாலும் தண்டில் கீறல் விழும். கரிமயிழைத் தண்டில் விழும் கீறல் அழகுக்குறை மட்டுமன்று. வளையும்போது கோல் அவ்விடத்திலேயே முறியக்கூடும். விரும்பும் வடிவத்தின் பாதி வெட்டுமுகத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால், அவ்வப்போது பிடியின்மேல் வைத்து ஒப்பிடலாம்.

கத்தியால் சீவக் கூடாது. தக்கை சீராக வெட்டுப்படாமல் துண்டாகப் பெயரும். 80 அல்லது 100 எண் உப்புத்தாளை இரண்டு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து, பிடியின்மேல் போட்டு, காலணிக்கு மெருகேற்றுவதுபோல் இரு முனைகளையும் மாறிமாறி இழுக்க வேண்டும். பத்து இழுப்பிற்கு ஒருமுறை கோலைக் கால்சுற்றுத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் பிடி நீள்வட்டமாகிவிடும். தொடக்கநிலையில் மிகுதியாக நேரும் பிழை இதுவே. நாடா இப்பிழையைக் காட்டாது. அட்டை அச்சை நான்கு புறமும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விரும்பிய அளவிற்கு 1 மி.மீ. முன்பே நிறுத்தி, 220, பின் 400 எண் தாள்களால் முடித்தல் வேண்டும்.

வளையங்களுக்கிடையே உள்ள பசை தக்கையைவிடக் கடினமானது. வெறும் விரலால் தாளை அழுத்தித் தேய்த்தால் தக்கை மட்டும் தேய்ந்து, பசைக்கோடுகள் வரம்புகளாக எழும்பி நிற்கும். தாளின் பின்னே ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டால் இது நேராது.

இடையிடையே கோலில் ரீலை மாட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ரீல் இல்லாமல் பிடிக்கும்போது சமநிலை மாறுவதால் கை ஏமாறும். இயல்பாகப் பற்றும்போது விரல்நுனிகள் உள்ளங்கையின் அடிமேட்டைச் சற்றே தொட்டால் அளவு பொருந்தியுள்ளது எனலாம். பெருவிரல் அமரும் இடத்தில் ஒரு சிறு தட்டையான பள்ளம் இட்டுக்கொள்வோரும் உண்டு.

திறந்த குழிகளைத் தேய்த்த தூளுடன் தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைக் கலந்து அடைத்து, ஒரு நாள் உலரவிட்டு மீண்டும் 400 எண் தாளால் தேய்க்கலாம். அடைத்த இடம் சற்றுக் கருமையாகவே தெரியும். கனமான வார்னிசு பூசினால் தக்கையின் பிடிமானம் போய்விடும்.

தூசு

பஞ்சாலைத் தொழிலாளர்க்குப் பஞ்சுத்தூசால் நுரையீரல் நோய் வருவது இப்பகுதியில் அறியப்பட்டதே. போர்த்துக்கல்லின் தக்கை ஆலைகளில் பூஞ்சை படிந்த தக்கைத்தூசை நெடுநாள் சுவாசித்தோர்க்கு வந்த நோய் சுபரோசிசு எனப்படுகிறது. வீட்டில் ஒரு பிடியைத் தேய்ப்பதால் அந்நோய் வருமென அஞ்ச வேண்டியதில்லை. எனினும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், திறந்த இடத்தில் தேய்ப்பதும் தேவை. நீர் பட்டுக் கறுத்துப் பூஞ்சை பிடித்த பழைய பிடியாயின் மேலும் கவனம் வேண்டும். தூளின் நிறம் பழுப்பிலிருந்து கறுப்பாக மாறினால் உப்புத்தாள் கரிமயிழையைத் தொட்டுவிட்டது என்று பொருள்; உடனே நிறுத்திவிட வேண்டும்.

பேணல்

அழுக்கேறிய பிடியை மென்மையான சோப்பு நீரில் நனைத்த பனியன் கழிவுத்துணியால் துடைத்தாலே பெரும்பாலும் வெளுத்துவிடும். சாயத்தொழில் நடக்கும் ஊரில் வெளுப்புக் காரங்கள் எளிதில் கிடைப்பினும் அவற்றைப் பயன்படுத்துவது தக்கையை நொறுங்கச் செய்யும். கழுவிய கோலை வெயிலில் சாய்த்து வைக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும்.

மிகுதியாகத் தேய்ந்து மெலிந்த பிடியின்மீது கிரிக்கெட்டு மட்டைக்கான இரப்பர் உறையை ஏற்றியோ, பருத்திக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றியோ பருமனாக்கலாம். ஒன்றிரண்டு வளையங்கள் மட்டும் சிதைந்திருந்தால் அவற்றை வெட்டியெடுத்து, புதிய வளையத்தை இரு பாதியாகப் பிளந்து ஒட்டித் தேய்ப்பர்.

கரிமயிழைக் கோல் மின்சாரத்தைக் கடத்தும். தக்கைப்பிடியை மின்காப்பாகக் கருதி, மின்கம்பிகள் செல்லும் குளக்கரைகளிலோ இடிமழையின்போதோ இக்கோலை உயர்த்திப் பிடிக்கக் கூடாது.